பாலபாடம் தந்த நாவலர்

எழுத்துக்களைக் கூட்டி ஒலிப்பது ஒன்று. ஒலித்ததன் பொருளை உள்ளத்தில் வாங்கிக்கொள்வது மற்றொன்று. முன்னது நாவின் தொழில். பின்னது அறிவின் தொழில். இவ்விரண்டும் ஒருங்கே நிகழும்போதுதான் படிப்பு என்னும் பெயர் பொருந்தும். இதனை மறுப்பார் யாரும் இலர். ஆயினும் இளஞ்சிறார் இவ்விரண்டையும் ஒருங்கே பெறுதற்கேற்ற நூல்கள் தமிழில் மிக அரியனவாய் இருந்த காலம் ஒன்று உண்டு. அக்குறையை நீக்குவதைத் தம் வாழ்நாட் கடனாக ஏற்றுக்கொண்டவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் ஆவர்.

நாவலரைச் சமயத் தொண்டர் என்றும், பழைய நூல்களைப் பதிப்பித்தவர் என்றும், உரைநடையில் வல்லவர் என்றும் உலகம் அறியும். அப்பெருமைகளுக்கெல்லாம் அடிப்படையாக நின்றது மற்றொரு பணி. அதுதான் சிறுபிள்ளைகள் படித்துப் பொருளுணருமாறு படிப்படியாகப் பாடநூல்களை ஆக்கிய பணி.

பிறப்பும் கல்வியும்

ஈழநாட்டின் வடபால் உள்ளது யாழ்ப்பாணம். முன்னொரு காலத்தில் தமிழரசர்களின் தலைநகராய் விளங்கிய நல்லூர் அதன்கண் உள்ளது. அவ்வூரில் 1822-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகனாகப் பிறந்தார் ஆறுமுகம். தந்தையார் தமிழ்ப் புலமை உடையவர், நாடகங்கள் இயற்றியவர். ஆறுமுகத்துக்கு ஒன்பது வயது நிகழும்போது தந்தையார் இறந்துபட்டார். அவர் எழுதி முடிக்காது விட்டுச்சென்ற நாடகம் ஒன்றை அச்சிறுவரே பாடி முடித்தார் என்று கூறுவர்.

தந்தையை இழந்த பிள்ளையின் கல்வியைத் தமையன்மார் பேணினர். சரவணமுத்துப் புலவரிடமும், அவருடைய ஆசிரியராகிய இருபாலைச் சேனாதிராய முதலியாரிடமும் ஆறுமுகம் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றார். வடமொழிப் பயிற்சியும் பெற்றார். ஆங்கிலக் கல்விக்காக யாழ்ப்பாணத்தில் வெசிலியன் சபையார் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியின் தலைவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். மாணவரின் அறிவுக்கூர்மையைக் கண்ட பாதிரியார் அவரை அப்பள்ளியிலேயே ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். விவிலிய நூலைத் தமிழில் பெயர்த்தெழுதும் பணியிலும் அவரைத் துணையாகச் சேர்த்துக்கொண்டார்.

அவர்கள் செய்த மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுசென்று புலவர்களிடம் காட்டியபோது, மகாலிங்கையர் என்னும் பெரும்புலவர் அதன் நடையைப் பாராட்டினார் என்பது வரலாறு. யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவரின் தமிழ் சென்னைப் புலவரின் மதிப்பைப் பெற்றது. அதனினும் பெரிய ஊதியம் ஒன்றும் ஆறுமுகத்துக்கு அப்பணியால் கிட்டியது. உரைநடையில் ஒரு கருத்தைத் தெளிவாகவும் ஐயமின்றியும் எழுதுவது எத்துணை அரிய தொழில் என்பதை அவர் நாள்தோறும் பழகிக் கண்டார்.

அக்காலத்துத் திண்ணைப்பள்ளி

அக்காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் கல்வி கற்ற முறையை அறிந்தாலன்றி நாவலர் செய்த பணியின் அருமை புலப்படாது. திண்ணைப்பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகுவர்; பின்னர் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவர். எழுத்து அறிந்தவுடன் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களை மனப்பாடம் செய்வர். அதன்மேல் நிகண்டும் அந்தாதிகளும் வரும். சட்டாம்பிள்ளை ஓர் அடியைச் சொல்ல, ஏனையோர் உரத்த குரலில் அதனைத் திருப்பிச் சொல்வர். இம்முறையால் நினைவாற்றல் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் சொல்லும் அடிக்குப் பொருள் என்ன என்று பிள்ளை கேட்பதும், ஆசிரியர் கூறுவதும் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே நிகழ்ந்தன. அதற்கு முன்னரே பள்ளியை விட்டு வயலுக்கும் கடைக்கும் சென்ற பிள்ளைகளுக்குப் பாட்டின் ஒலி மட்டுமே எஞ்சியது.

ஓலைச்சுவடியின் இயல்பும் இதற்குத் துணையாயிற்று. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆதலின் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. குற்றெழுத்தாகிய எகரமும் நெட்டெழுத்தாகிய ஏகாரமும் ஒரே வடிவாய் இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விடுவதில்லை. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளம் இல்லை. முன்னரே பாடலை அறிந்தவன்தான் சுவடியைப் படிக்க முடியும். படித்து அறிவதற்குப் பதிலாக, அறிந்ததையே படிக்கும் நிலை இருந்தது. கற்றுவல்ல புலவருக்கு இது தடையன்று. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு இது கடத்தற்கரிய மலையாகும்.

பாதிரிமார்கள் தம் பள்ளிகளுக்கென அச்சிட்ட வாசக நூல்களை வழங்கிவந்தனர். அந்நூல்களில் பாடங்கள் சிறியனவாகவும் வரிசைப்பட்டனவாகவும் அமைந்திருந்தன. அம்முறையின் பயனை ஆறுமுகம் அப்பள்ளியிலே இருந்து நேரில் கண்டார். தம் மரபிற்குரிய கல்வியையும் அத்தகைய முறையில் வழங்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

துறந்த பதவி

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் அவர் தம் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே பேசிவந்தார். அடுத்த ஆண்டில், அதாவது 1848-இல், வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை என்னும் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டில் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் தாம் வகித்த ஆசிரியப் பதவியைத் துறந்தார்.

அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. ஆங்கிலமும் தமிழும் அறிந்த இளைஞர்களுக்கு அக்காலத்தில் அரசாங்க உத்தியோகம் எளிதிற் கிட்டும். அதனை அவர் நாடவில்லை. தமையன்மார் நல்ல நிலையில் இருந்தும், குடும்ப வாழ்வையும் அவர் மேற்கொள்ளவில்லை. இறுதிவரை மணம் புரியாமலே வாழ்ந்தார். கையில் பொருளில்லை, பள்ளிக்கு அரசாங்கப் பொருளுதவியும் தொடக்கத்தில் கிட்டவில்லை. பள்ளி நிலைபெறாவிடின், ஊதியத்தையும் விட்டு உற்றார் மதிப்பையும் இழந்தவராய் நிற்க நேரும். இவற்றையெல்லாம் அறிந்தே அவர் அவ்வழியில் இறங்கினார்.

அச்சியந்திரம் வந்த கதை

பள்ளி தொடங்கியவுடன் பெருங்குறை ஒன்று தலைதூக்கியது. பிள்ளைகள் இருந்தனர், ஆசிரியர் இருந்தனர், பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தக்க நூல் இல்லை. ஓலையில் எழுதிக் கொடுப்பதாயின் ஒரு நூலுக்கு ஒருவர் பல நாள் உழைத்தல் வேண்டும். எழுதுந்தோறும் பிழைகளும் பெருகும். நூறு பிள்ளைகள் ஒரே பாடத்தை ஒரே வடிவில் பிழையின்றிப் படிக்க வேண்டுமாயின் அச்சியந்திரம் இன்றியமையாதது.

ஆதலின் 1849-இல் தம் மாணவர் சதாசிவப்பிள்ளையுடன் கடல் கடந்து தமிழகம் போந்தார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவைக் கேட்டு மகிழ்ந்த ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். அன்றுமுதல் ஆறுமுகம் ஆறுமுக நாவலர் ஆனார். சென்னையில் சூடாமணி நிகண்டுரையை அச்சிட்டு வெளியிட்டார்; அச்சியந்திரம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பினார். வண்ணார்பண்ணையில் அதனை நிறுவி வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயரிட்டார். கல்வியைப் பேணிக் காக்கும் அச்சகம் என்பது அப்பெயரின் பொருள். பட்டம் அவர் பெயரோடு சேர்ந்தது. யந்திரமோ பிள்ளைகளின் கைகளில் நூலைச் சேர்த்தது.

படிப்படியாய் அமைந்த பாடங்கள்

1850-ஆம் ஆண்டை ஒட்டி முதற் பாலபாடமும் இரண்டாம் பாலபாடமும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பாலர் என்பது சிறுவரைக் குறிக்கும். சிறுவர்க்குரிய பாடம் பாலபாடம். முதற் புத்தகம் எழுத்தில் தொடங்குகிறது. எழுத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து சிறு வாக்கியத்துக்கும் பிள்ளையை அழைத்துச் செல்கிறது. இரண்டாம் புத்தகம் அவ்வாக்கியங்களைத் தொடுத்துச் சிறுசிறு பாடங்களாக்குகிறது. ஏணியில் ஏறுவோன் ஒரு படியில் கால் ஊன்றிய பின்னரே அடுத்த படியில் கால் வைப்பான். அவ்வாறே அறிந்த ஒன்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு அறியாத ஒன்றைப் பிள்ளை எட்டிப் பிடிக்குமாறு அப்புத்தகங்கள் வரிசைப்படுத்தப்பட்டன.

வளர்ந்த மாணவர்க்கென நாவலர் பின்னர் எழுதிய பாலபாடம் ஏறத்தாழ 40 கட்டுரைகளைக் கொண்டது. அவை கதைகள் அல்ல. வாழ்க்கைக்கு வேண்டிய பொருள்களைப் பற்றிய உரைநடைக் கட்டுரைகள். பொய், களவு, சூது, கோபம், பொறாமை, கள்ளுண்ணல் முதலிய தீமைகளும், கல்வி, நன்றியறிதல் முதலிய நன்மைகளும் அவற்றில் ஆராயப்படுகின்றன. கடவுள், ஆன்மா என்பன போன்ற சமயப் பொருள்களும் அவற்றுள் உண்டு.

அக்கட்டுரைகளின் அமைப்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், அஃதாவது யாது என்று முதலில் வரையறுப்பது அவர் வழக்கம். அதன்பின் அதனால் விளையும் நன்மை தீமைகளை ஒவ்வொன்றாக நிரைப்படுத்துவார். காரணம் முன்னே வரும். காரியம் பின்னே வரும். இறுதியில் செய்யத்தக்கது இது, தவிரத்தக்கது இது என்று முடிப்பார். பழம்பாடல்களை மேற்கோளாகக் காட்ட நேரும்போதும் உரைநடையில் பொருளை விளக்கிய பின்னரே காட்டுவார். திண்ணைப்பள்ளியில் பாட்டு முன்னே நின்றது. பொருள் என்றோ ஒருநாள் வந்தது. பாலபாடத்திலோ பொருள் முன்னே நின்றது. பாட்டு அதற்கு முடியாய் அமைந்தது. வரிசை மாறியதால் கல்வியின் தன்மையே மாறியது.

நிறுத்தக்குறியும் சொற்பிரிப்பும்

பாடத்தின் பொருள் நன்றாயிருந்தால் மட்டும் போதாது. அச்சிட்ட பக்கமும் பிள்ளைக்கு உதவ வேண்டும் என்று நாவலர் கருதினார். ஆங்கில நூல்களில் வழங்கிய காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி முதலியவற்றைத் தமிழ் உரைநடையில் ஒழுங்காகக் கையாண்டு அவற்றை நிலைபெறச் செய்தவர்களுள் அவர் தலையாயவர்.

இக்குறிகள் வெறும் அலங்காரம் அல்ல. மழை பெய்தது ஆறு பெருகியது ஊர் நீரில் மூழ்கியது என்று தொடர்ந்து எழுதினால், இளம்பிள்ளை எங்கே நிறுத்துவது என்று தடுமாறும். மூன்று செய்திகளுக்கும் இடையே குறியிட்டு எழுதினால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாதல் கண்ணுக்கே புலப்படும். கண் நின்ற இடத்தில் கருத்தும் நிற்கிறது. கருத்து நின்ற இடத்தில் பொருள் விளங்குகிறது.

சொற்களைச் சேர்த்து எழுதும் வழக்கையும் அவர் இவ்வாறே நோக்கினார். இலக்கண நூல்களைத் துறைபோகக் கற்றவர் நாவலர். எத்துணைக் கடிய புணர்ச்சியையும் எளிதாக அமைக்க வல்லவர். ஆயினும் யாவரும் படித்துணர வேண்டும் என்று எழுதிய இடங்களில் விளங்குதற்கரிய சந்திகளைக் கூடியவரை விலக்கினார். பாலுந்தேனும் என்பதைப் பாலும் தேனும் என்று பிரித்துக் காட்டினால் புலவருக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைக்கோ இரண்டு சொற்கள் வெளிப்படுகின்றன. 1852-இல் அவர் வெளியிட்ட பெரியபுராண வசனத்தையும் இதே நோக்குடன் எழுதினார். கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே வாசித்து உணர வேண்டும் என்பதே அந்நூல் எழுந்ததன் காரணம். தற்காலத் தமிழ் உரைநடையின் தந்தை என்று அவர் போற்றப்படுவதற்கு இத்தகைய பணிகளே அடிப்படை.

கேள்வியால் தெளிந்த கல்வி

படித்தவன் பொருளை உணர்ந்தானா என்பதை எவ்வாறு அறிவது? மனப்பாடமாக ஒப்பித்தால் அறியலாகாது. கிளியும் சொன்னதைச் சொல்லும். வினாவே அதற்குரிய கருவி. இதனை நன்கு உணர்ந்த நாவலர் வினாவும் விடையுமாகவே சில நூல்களை அமைத்தார். இலக்கண வினாவிடையும் சைவ வினாவிடையும் அத்தகையன. இலக்கணச் சுருக்கம் என்னும் அவர் நூலில் மற்றொரு முறையைக் காணலாம். ஒவ்வொரு பகுதியின் ஈற்றிலும் அப்பகுதியைப் பற்றிய வினாக்கள் எண்ணிட்டுத் தரப்பட்டுள்ளன. அவற்றுக்கு விடை அங்கே எழுதப்படவில்லை. மாணவன் முன்பக்கத்திற்குத் திரும்பிச் சென்று, மீண்டும் படித்து, விடையைத் தானே தேடி எடுத்தல் வேண்டும்.

இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. விடையோடு கூடிய வினா நினைவைத் திருத்தும். விடையில்லாத வினா சிந்தையைத் தூண்டும். முதலில் கைபிடித்து நடத்திப் பின்னர்க் கையை விடுவிக்கும் தாயைப் போன்று, அந்நூல்கள் மாணவனைத் தன் காலில் நிற்கப் பழக்கின.

விரிந்த பணியும் நேர்ந்த இடரும்

யாழ்ப்பாணத்தோடு நாவலரின் தொண்டு நின்றுவிடவில்லை. 1864-இல் சிதம்பரத்தில் மற்றொரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சென்னையிலும் அச்சகம் நடத்தினார். திருக்குறளைப் பரிமேலழகர் உரையுடன் பதிப்பித்தார். பல இலக்கண இலக்கியங்களையும் பிழை களைந்து வெளியிட்டார். பேரறிஞர் வியக்கும் பதிப்புக்களைச் செய்த அதே கைதான் அகரம் பயிலும் பிள்ளைக்கும் பாடம் எழுதியது. சிறுவர் நூல் எழுதுவதைத் தம் புலமைக்கு இழுக்கென்று அவர் எண்ணவில்லை.

1872-இல் ஆங்கிலப் பள்ளி ஒன்றையும் வண்ணார்பண்ணையில் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. அத்தோல்வியால் அவர் மனம் தளரவில்லை. 1877-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசியைத் தணித்தார்.

நாவலரிடம் குறை இல்லாமல் இல்லை. சாதி வேற்றுமை பாராட்டிய அக்கால வழக்கங்களினின்றும் அவர் விடுபட்டவர் அல்லர். கல்வி எல்லார்க்கும் ஒப்ப உரியது என்னும் நெறி முழுமையாக மலர்ந்தது பின்வந்தோர் காலத்தில்தான். ஆயினும் அவர் வகுத்த வாசிப்பு முறைக்கு அவ்வெல்லை இல்லை. நூல் அச்சேறிய பின்னர் அதனைத் திறக்கும் கை யாருடையது என்று நூல் கேட்பதில்லை.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், தம் ஐம்பத்தேழாம் ஆண்டு நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, நாவலர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் மறைந்த பின்னரும் பாலபாடங்கள் பல பதிப்புக்களைக் கண்டன. ஈழத்திலும் தமிழகத்திலும் பல தலைமுறைப் பிள்ளைகள் அவற்றைக் கொண்டு வாசிக்கப் பழகினர்.

இன்றும் தேவையான நெறி

நாவலர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தன. திண்ணைப்பள்ளி போயிற்று, ஓலையும் எழுத்தாணியும் போயின. ஆனால் ஒலிப்பதற்கும் உணர்வதற்கும் இடையே உள்ள பள்ளம் முற்றும் தூர்ந்துவிடவில்லை. அதனைத் தூர்ப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு 2022-ஆம் ஆண்டில் எண்ணும் எழுத்தும் என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். அதற்கெனப் பயிற்சி நூல்கள் ஆக்கப்பட்டன. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்பப் பாடங்கள் படிப்படியாக வகுக்கப்பட்டன.

கருநாடக எல்லையை அடுத்த ஊர்களில் இத்தேவை இன்னும் மிகுதி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள தளியைச் சுற்றிய சிற்றூர்களில் கன்னடம் பேசும் வீடுகளும் உண்டு. தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டு. தமிழ் பேசும் வீடுகளும் உண்டு. அருகிலுள்ள ஓசூரில் ஆலைகள் பெருகியதால், தொலைவிடங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் அங்குப் பயில்கின்றனர். வீட்டில் ஒரு மொழியைப் பேசிப் பள்ளியில் தமிழை வாசிக்கும் பிள்ளை, எழுத்துக்களை விரைவில் கூட்டிவிடும். பொருளை எட்டுதற்கோ மேலும் சில படிகள் வேண்டும். தெரிந்த பொருளைப் பற்றிய சிறு பாடம், பிரித்து எழுதிய சொல், நிறுத்துமிடம் காட்டும் குறி, மீண்டும் படிக்கத் தூண்டும் வினா ஆகிய இவையே அப்படிகள். இவற்றின் பயனை நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே நாவலர் கண்டு நடைமுறையில் காட்டினார்.

ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும் நூலை மூடி, அது கூறியது யாது என்று தன்னையே வினவி, விடை கூற வல்லவன் அப்பாடத்தைக் கற்றவன் ஆவான். விடை தோன்றாவிடின் நாணுதற்கு ஒன்றும் இல்லை. மீண்டும் நூலைத் திறத்தல் வேண்டும். அவ்வாறு மீண்டும் மீண்டும் திறப்பதற்கேற்ற நூல்களைத் தமிழ்ச் சிறுவர் கையில் சேர்ப்பதற்காகவே நல்லூர் ஆறுமுக நாவலர் தம் பதவியையும் பொருளையும் வாழ்நாளையும் வழங்கினார். பொருளுணர்ந்து வாசிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அவர் தொண்டின் பயனே ஆகும்.